சாவிப் பைக்குள் ஒரு நம்பர்

ஷைஸ்தா என் வீட்டுக் கதவை மட்டும் தட்டவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் நான் இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் யார் வீட்டு வாசலிலாவது ஏறி நின்று வழிவிட வேண்டும். ஏறி நிற்கிற நேரத்துக்குள் அந்த வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆகவே வம்பு பேசுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சந்து அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது. போதாததற்கு நான் இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள்.

எனக்கு நேர் எதிர்வீடு அப்துல் ரவூப். கடையநல்லூர்க்காரர். கீழே கார்கானா என்கிற தோல் பட்டறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே குடும்பம். மணிபர்ஸ், பெல்ட் எல்லாம் தைப்பார். மனைவி மெஹராஜ். ஒரே மகள்தான் ஷைஸ்தா. பொருளாதாரமும் நிதியும் சேர்ந்த எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். அது என்ன படிப்பு என்று மெஹராஜிடம் ஒருநாள் கேட்டேன்.

"பணத்தப் பத்திப் படிக்கா யக்கா."

"பணம் சம்பாதிக்கவா?"

"இல்ல, பத்தித்தான்."

கடைசி வருஷம் ஆய்வேடு ஒன்று எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். நம் சந்துகளில் இருக்கிற சின்னச் சின்னக் கார்கானாக்காரர்கள் தொழிலுக்கு முதல் பணம் எங்கிருந்து புரட்டுகிறார்கள் என்பதை ஷைஸ்தா எடுத்துக்கொண்டாள். வாப்பாவிடம் கேட்டிருந்தாலே பாதி தெரிந்திருக்கும். ஆனால் படிப்பு அப்படி இல்லையாம். சீட்டுக் குலுக்கி ஒரு கதவை எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு ஐந்தாவது கதவாகத் தட்ட வேண்டுமாம். என் கதவு நாலாவதாகப் போயிற்று.

"ஒரு கதவு தள்ளி எண்ணுனா கொறஞ்சா போகும்?" என்றேன்.

"அப்படி எண்ணுனா டேட்டா செல்லாது ஆன்ட்டி."

சரி, செல்லாத டேட்டாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று, அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் மாவுத் தூக்கோடு நானும் அங்கே இருந்தேன். மாரிசெல்வி வீட்டில் இரண்டு மணி நேரம். மாரிசெல்வி கீழே குழந்தைகளுக்குக் கவுன் தைக்கிறாள். மேலே இருக்கிற மாடியைச் சரிகை வேலை செய்யும் பீகார்ப் பையன்கள் நாலு பேருக்கு விட்டிருக்கிறாள். அந்த வாடகையில்தான் நூலும் துணியும் வாங்குகிறாள். ஊருக்கே தெரிந்த ரகசியம் இது. இருந்தாலும் யாரும் இதுவரை அவளிடம் மரியாதையாக உட்கார்ந்து கேட்டதில்லை. "பேரு எங்கயும் வராது அக்கா" என்று ஷைஸ்தா சொன்னதும் மாரிசெல்வி கொட்டித் தீர்த்துவிட்டாள். நடுவில் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் முறை என்னைப் பார்த்து, "நீ எதுக்குட்டி இங்க உக்காந்திருக்க?" என்றாள்.

இந்த வேலைக்கு ரவூப் பாயும் தம் பங்குக்கு ஒன்று செய்தார். அவ்வளவு நேரம் பேசுகிறவர்களை வெறுங்கையோடு விடலாமா என்று, மிச்சம் விழுந்த சிவப்புத் தோல் துண்டுகளில் ஆளுக்கொரு சாவிப் பை தைத்துக் கொடுத்தார். மேலே மூடி, பொத்தான், இடுப்பில் சொருகிக்கொள்ள ஒரு கொக்கி. அம்மாடி, அழகென்றால் அப்படி ஓர் அழகு. அதிலும் எனக்குக் கிடையாது.

அவருடைய கார்கானாவில் ஒரு வழக்கம். எந்தச் சரக்கு வெளியே போனாலும் உட்பக்கம் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி நம்பர் போட்டுவிடுவார். தையல் பிரிந்து திரும்பி வந்தால் எந்த உருப்படி என்று தெரிய வேண்டுமே. மகள் வீட்டுக்கு ஒன்றாக நிரப்பிய கேள்வித்தாள்களிலும் நம்பர் இருப்பதைப் பார்த்தார். ஒரே வீட்டுக்கு இரண்டு பை போய்விடக் கூடாதென்று அதே நம்பரைப் பைகளின் மூடிக்குள் தட்டிவிட்டார். மகளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவும் இல்லை.

பங்குனி முழுக்க இடுப்பிடுப்பாகச் சிவப்புப் பை ஆடியது.

அப்புறம்தான் பக்கத்துச் சந்தில் ஆட்கள் வந்தார்கள். தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்பது எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற செய்தி. இந்த முறை கழுத்தில் அட்டை மாட்டிய ஆட்கள் நிஜமாகவே வந்து ஒவ்வொரு கதவிலும் பெயிண்டால் நம்பர் எழுதினார்கள். மாடியில் இருப்பவர்களுக்கு இங்கே வீடு இல்லை, எங்கேயோ உப்பளத்துப் பக்கம் தள்ளிவிடுவார்கள் என்றொரு பேச்சு. மாடியை வாடகைக்கு விட்டவனுக்குக் கீழ்வீடும் போச்சு என்று இன்னொரு பேச்சு. எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லாவற்றையும் நம்பினோம்.

அந்த வாரம்தான் மாரிசெல்வி இன்னொரு சாவியைத் திணிப்பதற்காகப் பையின் மூடியை முழுசாகத் திருப்பினாள். உள்ளே இருபத்திமூன்று என்று தோலில் பதிந்திருந்தது. குழாயடிக்கு எடுத்து வந்து காட்டினாள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த முப்பிடாதியம்மாள் தன் பையைத் திருப்பினாள். ஒன்பது. இன்னொருத்தி திருப்பினாள். முப்பத்தொன்று. குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

எங்கள் சந்துக் கமிட்டிக்குச் செகரட்டரி தளவாய். அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். அவரிடமும் ஒரு பை இருந்தது. திருப்பிப் பார்த்தார். பதினாலு. முகம் சுருங்கிப்போயிற்று.

"கதவுல நம்பர் போட வந்தா நாம வெரட்டுவோம்னு இடிக்க வாரவனுக்குத் தெரியும்" என்றார். "அதான் பைக்குள்ள போட்டுட்டான்."

"ரவூப் பாய் மகளா அண்ணாச்சி?" என்றாள் மாரிசெல்வி.

"பிள்ளைக்கே தெரியாம இருக்கலாம்லா. பெரிய எடத்து வேலை எல்லாம் அப்படித்தான் நடக்கும்."

"நான் மாடியப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டனே."

"சொன்னது சொன்னதா இருக்கட்டும். இனி எவன் கேட்டாலும் யாரும் வரல, யாருட்டயும் ஒண்ணும் சொல்லலன்னு ஒரே பேச்சா பேசிருங்க. போன் வந்தாலும் அதே பேச்சுதான்."

ரவூப் பாயிடம் நேரே போய், இது என்ன நம்பர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். பயந்தவர்கள் கேட்க மாட்டார்கள். பதில் வேறு மாதிரி இருந்துவிட்டால் என்ன செய்வது? ஆனால் ஒன்று, பையை மட்டும் யாரும் தூக்கிப் போடவில்லை. தையல் அப்படி.

போன் வந்தது. ஷைஸ்தாவின் ஆய்வைப் பார்த்துக்கொண்டது மாட்டுங்காவைச் சேர்ந்த சாருலதா என்கிற புரொபசர் மேடம். மாணவர்கள் உண்மையிலேயே வீடு வீடாகப் போனார்களா, உட்கார்ந்த இடத்தில் எழுதிவிட்டார்களா என்று பார்க்க, கேள்வித்தாள் நிரப்பியவர்களில் பத்துப் பேருக்குப் போன் போட்டு விசாரிப்பது வழக்கமாம். ஆபீசிலிருந்து ஒரு பெண் இந்தியில் கேட்டாள்: தாராவி சர்வேக்காக உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தார்களா?

பத்துப் பேரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள். யாரும் வரவில்லை. முப்பிடாதியம்மாள் ஒருபடி மேலே போய், "எனக்கு வீடே கெடையாது" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்று சாயங்காலம் ஷைஸ்தா வந்ததை நான் என் வாசலிலிருந்து பார்த்தேன். தோளில் பையோடு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். மேலே ஏறவில்லை. மெஹராஜ் மேலேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். கை இரண்டையும் முழங்காலுக்கு நடுவில் இறுக்கி வைத்திருந்தாள். நான் எதிர்வாசலில் போய் நின்றேன். மாவுத் தூக்கு காலியாக இருந்தது, இருந்தாலும் எடுத்துக்கொண்டு போனேன்.

"உம்மா, நான் ஒரு வீட்டுக்கும் போகலன்னு சொல்றாங்க. எல்லாம் நானா உக்காந்து எழுதுனதாம்."

"யாரு சொல்லுதா?"

"பத்துப் பேரு. நம்ம ஆளுங்க பத்துப் பேரும்."

மெஹராஜ் ஏணியில் பாதியில் நின்றுவிட்டாள். ஷைஸ்தா இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். பொய்க் கணக்கு எழுதியதாக மேடம் காலேஜ் கமிட்டிக்கு எழுதிவிட்டால் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். பட்டம் இல்லை. இந்தப் படிப்பு மட்டும் போனால் பரவாயில்லை. ஏமாற்றியவள் என்று பெயர் பதிந்துவிட்டால் வேறு எந்தக் காலேஜும் உள்ளே விடாது. மேடம் ஒரே ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அவரே நேரில் வருகிறார். வந்து கதவைத் தட்டுவார். அன்றும் யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டால் சனிக்கிழமை கடிதம் போய்விடும்.

"சொல்லிருவாங்க. பயத்துல என்னமோ ஒளறிட்டாங்க" என்றாள் மெஹராஜ். அவள் குரலிலும் நம்பிக்கை இல்லை.

அந்த ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை என்பதை வைத்துச் சொல்கிறேன்.

மறுநாள் ஷைஸ்தா கதவு கதவாகப் போனாள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் பார்த்தேன். யாரும் அவளைத் திட்டவில்லை. டீ வேண்டுமா என்றார்கள். உம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது என்றார்கள். சர்வே என்றதும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போனார்கள். மாரிசெல்வி கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியிலும் தானே நின்றுகொண்டாள்.

"அக்கா, நீங்க எதுவும் சொல்ல வேணாம். ஷைஸ்தா வந்தா, பேசுனா, அவ்ளோதான். ஏக் லைன், ஒரே வரி போதும்."

"வந்தியா நீ?" என்றாள் மாரிசெல்வி மெதுவாக.

ஷைஸ்தா கதவின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, மாரிசெல்வியே மேலே பேசினாள்.

"தாயி, நீ பேரு வராதுன்னு சொன்ன. நான் நம்புனேன். பெறவு எதுக்கு எனக்கு நம்பர் போட்ட?"

"என்ன நம்பர்?"

மாரிசெல்வி இடுப்பிலிருந்த பையை எடுத்து மூடியைத் திருப்பிக் காட்டினாள். ஷைஸ்தா அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. இருபத்திமூன்று என்பது மாரிசெல்வியின் கேள்வித்தாள் நம்பர். "இது என் பேப்பர்ல இருக்கற நம்பர்" என்றபடியே திரும்பி வீட்டுக்கு ஓடினாள்.

கார்கானாவில் நடந்ததை நான் கேட்டது வாசலில் நின்றுதான். கதவு திறந்திருந்தது.

"வாப்பா, அந்தப் பையில நம்பர் போட்டீங்களா?"

"போட்டேன். ஏன், அழிஞ்சிட்டா?"

அவள் சொல்லச் சொல்ல ரவூப் பாய் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். அப்புறம் அச்சுகள் இருந்த டப்பாவை மூடினார்.

மெஹராஜுக்கு இதில் சந்தோஷம். "அப்ப தொல்ல விட்டுச்சு. உன் பேப்பர்லயும் அதே நம்பர், அவுக பையிலயும் அதே நம்பர். அந்த மேடத்துட்ட திருப்பிக் காட்டு. நீ போனது உண்மைன்னு ஆயிருமே."

"காட்ட முடியாது உம்மா."

"ஏன்ளா?"

"போன் நம்பர் தனி தாள், பதில் தனி தாள். எந்தப் பதில் யாரோடதுன்னு மேடத்துக்கே தெரியாது. அப்படித்தான் நான் எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். பையத் திருப்புனா மாரி அக்காதான் மாடிய வாடகைக்கு விட்டிருக்காங்கன்னு மேடத்துக்கும் வெளி ஆளுங்களுக்கும் தெரிஞ்சிடும்." ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க பயந்தது ஒண்ணும் பைத்தியக்காரத்தனம் இல்ல உம்மா. அந்தப் பை ஆளக் காட்டிக் குடுக்கத்தான் செய்யும்."

"அப்ப உன் படிப்பு?"

அவள் மேலே ஏறிப் போனாள். ரவூப் பாய் எழுந்து, "நானே ஒவ்வொரு வீடாப் போயி கால்ல விழுதேன்" என்றார். மேலேயிருந்து குரல் வந்தது: "வேணாம் வாப்பா. நீங்க சொல்லிக்குடுத்துப் பேசுறாங்கன்னு ஆயிடும்."

வெள்ளிக்கிழமை வந்தது. சித்திரை வெயில் தகரக் கூரைகளில் கொதித்தது. ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பிய கொஞ்ச நேரத்தில் சாருலதா மேடம் குடை பிடித்துக்கொண்டு வந்தார். மாட்டுங்காவிலிருந்து எங்கள் சந்துக்கு ஒரு ஆட்டோ தூரம்கூட இல்லை. பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே இருக்கிறவர் அன்றுதான் முதல்தடவையாக உள்ளே வருகிறார் என்பது குடையை மடக்கத் தெரியாமல் இரண்டு சுவரிலும் இடித்ததிலிருந்து தெரிந்தது. பின்னால் ஷைஸ்தா. இரண்டு நாளில் முகம் வற்றியிருந்தது.

சந்து முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன. தையல் மெஷின்கள் நின்றிருந்தன. இந்தச் சந்துக்கு நான் வாழ வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. மெஷின் சத்தம் கேட்காமல் ஒருநாளும் இருந்ததில்லை. ஏதோ சாவு விழுந்த மாதிரி இருந்தது. என் கதவு மட்டும் திறந்திருந்தது. நான்தான் செல்லாத டேட்டா ஆயிற்றே, எனக்கு என்ன பயம்?

மேடம் முப்பிடாதியம்மாள் கதவைத் தட்டினார்.

"பயப்படாதீங்கோ. நான் காலேஜ்லேர்ந்து வரேன். இந்தப் பொண்ணு உங்காத்துக்கு வந்து ஏதாவது கேட்டாளா?"

"இல்லம்மா."

"பார்த்திருக்கேளா இவளை?"

"இந்தச் சந்துப் பிள்ளதான். வந்ததில்ல." சொல்லும்போது முப்பிடாதியம்மாள் ஷைஸ்தாவைப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பை மூடினாள். மூடியதால்தான் மேடத்தின் கண் அங்கே போயிற்று.

"பை ரொம்ப நன்னா இருக்கே. எங்க வாங்கினேள்?"

"கடையில."

அடுத்து தளவாய். சலவைச் சட்டை, மூன்று பேனா. "இங்க எந்த சர்வேயும் நடக்கலம்மா. வேணும்னா கமிட்டி சார்பா எழுதியே தாரேன்" என்று ஒரு பேனாவை எடுத்தார். அவர் பின்னால் ஆணியில் சாவியோடு சிவப்புப் பை தொங்கியது.

"இது?"

"இதா... ஊர்ல வாங்குனது."

ஷைஸ்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவிடுக்குகளில் கண்கள் தெரிந்தன. மேலே ஜன்னலில் மெஹராஜ் துப்பட்டாவின் நுனியைப் பல்லில் கடித்தபடி நின்றாள்.

மூன்றாவது கதவு மாரிசெல்வியுடையது. பீகார்ப் பையன்களைக் காலையிலேயே வெளியே அனுப்பியிருந்தாள். ஏணியைக்கூடக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தாள். மாடிக்குப் போக வழியே இல்லாத வீடு மாதிரி.

"யாரும் வரல" என்றாள், மேடம் கேட்பதற்கு முன்னாலேயே.

மேடம் கையை நீட்டினார். "அந்தப் பையைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

மாரிசெல்விக்கு மறுக்கத் தெரியவில்லை. இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். மேடம் புரட்டிப் பார்த்தார். மூன்று வீட்டில் மூன்று பை, ஒரே தோல், ஒரே தையல். பொத்தானில் கட்டை விரலை வைத்தார்.

"மேடம், தெறக்காதீங்க" என்றாள் ஷைஸ்தா.

அந்தக் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"ஏன்?"

"உள்ள இருக்கறது அவங்களோடது."

"ஷைஸ்தா, உன் நிலைமை உனக்குப் புரியறதா? இதுல உனக்குச் சாதகமா ஏதாவது இருந்தா இப்போ சொல்லணும். நாளைக்கு நான் எழுதியாகணும்."

"புரியுது மேடம்."

"அப்புறம்?"

ஷைஸ்தா இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். கண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது, துடைக்கவில்லை. மேடம் பையை மூடியபடியே மாரிசெல்வியிடம் திருப்பிக் கொடுத்தார். குடையை எடுத்துக்கொண்டு திரும்பினார். அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்தேன். நாலு அடி நடந்திருப்பார்.

"இருங்கம்மா" என்றாள் மாரிசெல்வி.

பொத்தானைத் திறக்க அவளால் முடியவில்லை, விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. பல்லால் கடித்து இழுத்துத் திறந்தாள். மூடியைத் திருப்பி மேடத்தின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இருவத்திமூணு. அவ பேப்பர்ல பாருங்க. நான்தான். இந்தா, இதே எடத்துல உக்காந்து ரெண்டு மணி நேரம் கேட்டா. மேல நாலு பையங்க இருக்காங்க, வாடகை வாங்குதேன், அதுலதான் நூலு எடுக்கேன். எல்லாம் நான் சொன்னது. அவளா எழுதல." மூச்சு விட்டாள். "அந்தப் பிள்ள வாயத் தொறந்திருந்தா அவ தப்பிச்சிருப்பா. தொறக்கலம்மா."

மேடம் பக்கத்துச் சுவரைப் பார்த்தார், கதவிடுக்குகளைப் பார்த்தார்.

"மாடியைப் பத்தி நான் உங்களைக் கேக்கவே இல்லையே" என்றார் தாழ்ந்த குரலில்.

"இனிமே கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

அதற்கப்புறம் சந்தே திரண்டு வந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும். வரவில்லை. முப்பிடாதியம்மாள் வந்தாள், "கடையில வாங்குனேன்னு சொன்னேன், இல்ல" என்று பாதியைச் சொல்லி நிறுத்திக்கொண்டாள். இன்னும் இரண்டு மூன்று பேர் தயங்கித் தயங்கி வந்தார்கள். மற்றவர்கள் கடைசி வரை யாரும் வரவில்லை என்றே சாதித்தார்கள். தளவாய் ஆணியிலிருந்து பையை எடுத்து உள்ளே ஒளித்தார். அதற்குள் மேடம் பார்த்துவிட்டார். அதன் மூடி கத்தரியால் நறுக்கப்பட்டிருந்தது. ஊரில் வாங்கிய பையை எதற்கு நறுக்க வேண்டும் என்று மேடம் கேட்கவில்லை. நான் கேட்டேன். இன்றுவரை என்னோடு அவருக்குப் பேச்சு இல்லை.

போகும்போது மேடமும் ஷைஸ்தாவும் ரவூப் பாயின் கார்கானா வாசலில் நின்று பேசினார்கள்.

"நீ போனது நிஜம். அதை நான் எழுதிடறேன். உன் ஆய்வுல மாடி வாடகை பத்தின அத்தியாயம் இருக்கு பார், அதுதான் எல்லாத்துலயும் உசத்தி. அதை ஒழுங்கா திருத்திக் கொடு."

"அத எடுத்துடறேன் மேடம்."

"பேரு இல்லையே அதுல."

"சந்து பேரு இருக்கு. அஞ்சு வீட்டுக்கு ஒரு வீடு. எண்ணத் தெரிஞ்சவங்களுக்குப் போதும்."

"அதை எடுத்துட்டா மிச்சம் ரொம்ப சாதாரணம். மார்க் போயிடும்."

"தெரியும் மேடம்."

மேடம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரவூப் பாயிடம், "அந்தப் பை எனக்கு ஒண்ணு கிடைக்குமா? நம்பர் வேண்டாம்" என்றார். இதைப் பாருங்கள், வந்த அன்றைக்கே அவருக்குக் கிடைத்துவிட்டது.

ஆய்வேட்டை ஷைஸ்தா முடித்தாள். ஒரு மாதம் இரவும் பகலும் எழுதினாள். நல்ல அத்தியாயம் இருந்த இடத்தில் வேறு ஏதோ வைத்து அடைத்தாள். தோலில் அட்டை போட்டுத் தருகிறேன் என்றார் ரவூப் பாய். காலேஜில் கறுப்பு ரெக்சின் அட்டை போட்டால்தான் வாங்குவார்களாம். அவருக்கு வருத்தம். மாரிசெல்வி ஏணியைத் திரும்ப மாட்டினாள். ஆனாலும் பூட்ஸ் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிற பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள், மழை விட்ட நேரம், குழாயடியில் நாங்கள் எல்லோரும் நின்றிருந்தோம். ஷைஸ்தாவும் குடத்தோடு நின்றாள். அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். எடுத்துக் காதில் வைத்தாள். இந்தியில் யாரோ கேட்பது எனக்குக்கூடக் கேட்டது: "ஷைஸ்தா அப்துல் ரவூப் பேசுகிறீர்களா? தாராவிதானே?"

"நஹி" என்றாள் ஷைஸ்தா. "அப்படி யாரும் இங்க இல்ல."

வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. மாரிசெல்வியைப் பார்த்தாள். மாரிசெல்வி சிரிக்கவில்லை. குடத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"திருப்பிப் போடு பிள்ள. நான் நிக்கேன்லா."

போட்டாள். கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"ஆமா. ஷைஸ்தாதான்" என்றாள். "தாராவிதான்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டாள். "பட்டத்த நேர்ல வந்து வாங்கிக்கிறியா, வீட்டுக்கு அனுப்பணுமான்னு கேக்கறாங்க அக்கா."

"வீட்டுக்கு வேண்டாம்" என்றாள் மாரிசெல்வி உடனே. "இங்க யாரு வந்து கேட்டாலும் எல்லாரும் இல்லன்னு சொல்லிருவாங்க. நேர்ல போயி வாங்கு."